கால் படாத தண்ணீர்

"ஆத்தா, காலு."

அவர் என்னிடம் பேசியதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு சொல்தான். கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன மறுநாள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரணிப் படியில் இறங்கும்போது முதலில் காதில் விழுந்ததும் அதுதான். திரும்பிப் பார்த்தேன். கரைமேல் வேப்பமரத்தடியில், ஒட்டிப்போன வயிறும் முழங்காலுக்கு மேலே ஏறின வேட்டியுமாக ஒரு மனிதர் குந்தியிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கும் என் கால் விரலுக்கும் இன்னும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. புதுப்பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கல்லலுக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் அந்த ஒரு ஊரணிதான். அவர் அதற்குக் காவல். என் கணவருக்கு மாமன் முறை என்பதால் நானும் மாமா என்றேன். குடிக்கிற ஊரணியில் கால் படக் கூடாது என்பது எங்கள் சீமை முழுக்க உள்ள வழக்கம். செருப்பைக் கரைக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். நனையாத படியில் நின்று குனிந்து குடத்தை முக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது வழக்கம். அவருக்கு அது வியாதி. கோடையில் தண்ணீர் உள்ளே இறங்க இறங்க, பனந்தண்டுகளைத் தூக்கிக் கொண்டுவந்து படியிலிருந்து நீட்டிப் பாலம் மாதிரிப் போடுவார். அதன்மேல் நின்று முக்க எங்களுக்குக் கால் நடுங்கும். இடுப்புப் போனாலும் போகட்டும், காலை மட்டும் நனைத்துவிடாதே என்பதுதான் அவர் கட்சி.

ஒரு நாள் ஆட்டுக்குட்டி ஒன்று வழுக்கி உள்ளே விழுந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான். யாராக இருந்தாலும் இறங்கித் தூக்கியிருப்பார்கள். இவர் பனந்தண்டின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, தொரட்டிக் கம்பால் அதன் கழுத்தை வளைத்து இழுத்தார். குட்டி கத்துகிறது, குட்டிக்குச் சொந்தக்காரி கத்துகிறாள், இவர் மூச்சுவிடாமல் இழுக்கிறார். குட்டி பிழைத்தது. நாங்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்தோம். ஒரு பிள்ளை விழுந்தாலும் இப்படித்தான் செய்வீர்களா என்று ஒருத்தி கேட்டதற்கு, தொரட்டி பிள்ளைக்கும் எட்டும் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஊர்த் தலைவரான அம்பலகாரர் வீட்டு மாப்பிள்ளை விருந்துக்கு வந்தபோது நடந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்டனூர்ப் பக்கம் கட்டுகிற பெரிய பெரிய வீடுகளுக்குச் சுண்ணாம்பும் மரமும் கொண்டுபோகிற வண்டிகளுக்கு அவர் மேஸ்திரி. பெரிய இடம். வந்த களைப்பில் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுவிட்டார். இவர் போய் எதிரே நின்று, மாப்பிள்ளை எழுந்து போகும்வரை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த ஓரத்துத் தண்ணீரைக் குடம் குடமாக முகந்து பொழுது சாய்கிறவரை வெளியே கொட்டினார். அம்பலகாரருக்கு அது மறக்கவில்லை.

மாமாவுக்கு ஏன் இப்படி ஒரு பித்து என்று என் மாமியார்தான் சொன்னார். இளவயதில் வேறு ஊரில் இருந்தாராம். மாடும் மனிதரும் ஒன்றாக இறங்குகிற குட்டை அந்த ஊரில். ஒரே வாரத்தில் பெண்டாட்டியும் கைப்பிள்ளையும் வாந்திபேதியில் போய்விட்டார்கள். இதை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

ஊரணிக்கு மேற்கே அய்யனார் கோயில் காடு. வீரை மரமும் உலக்கைப் பாலை மரமும் அடர்ந்து, உச்சிவேளையிலும் உள்ளே இருட்டாக இருக்கும். அங்கிருந்து ஒரு விறகுச் சுள்ளியைக்கூட யாரும் வெளியே எடுத்துவரக் கூடாது. அதனால் உதிர்ந்த சருகெல்லாம் அங்கேயே கிடந்து மட்கி, கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். மழை பெய்தால் தண்ணீர் அந்தச் சருகில் ஊறி, மெல்ல வடிந்து, வரத்துக்கால் வழியாக ஊரணிக்கு வரும். பளிங்கு மாதிரி வரும்.

அந்தச் சருகில்தான் அந்தப் பூச்சி இருந்தது. தொட்டால் சுருளுகிற மரவட்டையை எல்லாருக்கும் தெரியும். இது அதன் பங்காளி. உருண்டையாக இராது. முதுகு தட்டை. ஒவ்வொரு கணுவிலும் முதுகு ஓடு இரண்டு பக்கமும் தாழ்வாரம் இறக்கினது போல வெளியே நீண்டிருக்கும். கறுப்பு உடம்பு, அந்த ஓரங்களில் மட்டும் மஞ்சள். எங்களுக்கு அதைப் பார்த்தாலே உடம்பு கூசும். மழைக்காலத்தில் ஒன்றிரண்டு தண்ணீரில் மிதந்து வரும். அவர் ஆலிலையைக் கம்பு நுனியில் செருகி, அதில் ஏற்றி எடுத்து, காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். நசுக்கிப் போடுவதை விட்டுவிட்டு என்ன இது என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"அதுக்குக் கண்ணு கெடையாது ஆத்தா. மீசையால தட்டித் தட்டித்தான் போகும். இந்தச் சருக அம்புட்டையும் மென்னு மண்ணாக்குறது இதுகதான். அந்த மண்ணுல வடிஞ்ச தண்ணியத்தான் நீங்க குடிக்கிறீக."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் விடவில்லை. பூச்சியைத் தன் உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தி, முகர்ந்து பார்க்கச் சொன்னார். கண்டனூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு நான் வேலைக்குப் போயிருந்தபோது, அந்த வீட்டு ஆச்சி வாதுமைப் பருப்பு அரைக்கச் சொன்னார். அதில் கசப்புக் கொட்டை ஒன்றிரண்டு கலந்திருந்தது. அதே வாடை. எறும்பும் பல்லியும் கிட்டே வராமல் இருக்க அது விடுகிற விஷம் என்றார். விஷமா என்று நான் பின்னால் நகர்ந்தேன். அதன் உடம்புக்கு ஏற்ற விஷம், உங்கள் குடத்துக்குக் காணாது என்று சொல்லிவிட்டு அதைக் காட்டுக்குத் தூக்கிப் போனார்.

இன்னொரு நாள், கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போன எங்களை நிறுத்தி, சருகை விலக்கி எதையோ காட்டினார். குன்றிமணியைவிடச் சற்றே பெரிய மண் குமிழ். தாய்ப்பூச்சி தன் கழிவையும் மண்ணையும் குழைத்து முட்டைகளைச் சுற்றிக் கட்டிய வீடு. அதற்குள்ளிருந்து வெளியே வரும் குஞ்சு வெள்ளையாக இருக்குமாம், ஆறே ஆறு கால்தான் இருக்குமாம். அப்புறம் மண்ணுக்குள் ஓர் அறை கட்டி அடைபட்டு, சட்டை உரித்து உரித்து, ஒவ்வொரு தடவையும் கணுவும் காலும் கூடுமாம். உரித்த சமயத்தில் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும், அப்போது காய்ந்தாலும் சாகும், கிளறினாலும் சாகும் என்றார். பொங்கல் பானை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டே மறுபடி தீ மூட்டினோம்.

அதற்கப்புறம் வந்தது அந்தப் பஞ்ச வருஷம். வானம் இரண்டு பருவம் பொய்த்தது. ஊரணி சுருங்கி, பனந்தண்டும் எட்டாமல் போய், நடுவில் ஒரு குட்டை கிடந்தது. அவர் அதையும் பொத்திப் பொத்தி வைத்துக் கொட்டாங்கச்சியில் முகந்து எங்கள் குடத்தில் ஊற்றினார். காட்டில் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரு பூச்சியையும் காணோம். செத்துவிட்டதோ என்று கேட்டேன். ஆழத்தில் மண் வெடிப்புக்குள் ஈரம் தேடிப் போயிருக்கும், மழை வந்தால் மொத்தமாக ஏறி வரும் என்றார்.

ஐப்பசியில் மழை வந்தது. அது பெய்த வேகத்தில் வரத்துக்கால் கரைபுரண்டது. அவர் சொன்ன மாதிரியே பூச்சியும் மொத்தமாக ஏறி வந்தது. காட்டுத் தரை நெளிந்தது. வெள்ளம் அத்தனையையும் வாரிக்கொண்டு ஊரணிக்குள் கொட்டியது. மறுநாள் காலையில் கரையோரம் முழுக்கக் கறுப்பும் மஞ்சளுமாகச் செத்து மிதந்தது. தண்ணீரில் வாதுமை வாடை. இரண்டு வருஷம் தாகித்த ஊர் அதைப் பார்த்து என்ன செய்யும்? துணியில் வடிகட்டிக் குடித்தோம்.

நாலைந்து நாளில் வாந்திபேதி தொடங்கியது. வடக்குத் தெருவில் ஒரு வீடு, அப்புறம் அதன் பக்கத்து வீடு. எங்கள் வீட்டில் காலையில் படுத்த மாமியார் சாயந்திரம் இல்லை. அந்தக் கண் உள்ளே போனதும், கைவிரல் தோல் தண்ணீரில் ஊறினது போலச் சுருங்கியதும் இன்றைக்கும் எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் நினைவு வந்துவிடும். அடுத்து என் கணவர் படுத்தார். மடியில் இரண்டு வயது மகள். நடக்க முடிந்தவர்கள் தொலைவில் இருந்த உவர்க் கிணற்றுக்குப் போனார்கள். படுத்தவரை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

ஊர் முழுக்க ஒரே பேச்சு. பூச்சி விஷம். தண்ணீரில் கலந்துவிட்டது. காட்டில் அது இருக்கிறவரை ஊர் தேறாது.

அவர் மட்டும் இல்லை என்றார். மழைக்கு முதல் நாள், மதுரைப் பக்கம் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய வண்டிகள் வரத்துக்காலுக்கு மேலே புளியமரத்தடியில் அவிழ்த்துப் போட்டிருந்தன. அவற்றில் வந்த ஒருவருக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆளின் துணியை வண்டியில் இருந்த தண்ணீரை ஊற்றி அங்கேயே வாய்க்கால் சரிவில் அலசிப் போட்டார்கள். இவர் ஓடிப்போய்ச் சண்டை பிடித்திருக்கிறார். அன்று வாய்க்காலில் ஓட்டம் இல்லை, அதனால் அவர்கள் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் மழை அதையெல்லாம் கழுவிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். தண்ணீரைத் தொடாதீர்கள், சிவகங்கைக்கு ஆள் அனுப்புங்கள், கிணற்றுக்குப் போடுகிற மருந்து அங்கே இருக்கிறது என்று கெஞ்சினார். அந்த வண்டிகள் யாருடையவை என்று கேட்டபோது அவர் தயங்காமல் சொன்னார். அம்பலகாரர் மாப்பிள்ளையுடையவை. அதோடு அவர் பேச்சு எடுபடாமல் போயிற்று.

கோயில் முன்னால் ஊர் கூடியது. நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றேன். அவர் ஒரு கலயத்தோடு வந்தார். உள்ளே தண்ணீர். அதில் அந்தப் பூச்சிகள் ஏழெட்டு மிதந்தன.

"காட்ட ஒட்டித்தான் சேரி இருக்கு. அவுக கெணத்துல நம்ம ஊரணிய விட இந்தப் பூச்சி கூடுதலாக் கெடக்கு. அங்க ஒருத்தருக்கு ஒண்ணுமில்ல. பூச்சி கொல்லுதுன்னா அவுகளையில்ல மொதல்ல கொன்னுருக்கணும். இது அவுக கெணத்துத் தண்ணி. பாத்துக்கங்க."

துண்டைக் கலயத்தின் வாயில் கட்டி வடிகட்டி, மடமடவென்று குடித்துவிட்டுக் கலயத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

முன்னால் நின்றவர்கள் எட்டிக் கலயத்துக்குள் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் ஊர் பிழைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னதில் ஒரு ஓட்டை கிடையாது. சேரிக்காரர்களை எங்கள் ஊரணிக் கரையில் ஏறவிட்டதில்லை. தலைமுறை தலைமுறையாக நாங்கள் அவர்களுக்குச் செய்த அந்தக் கொடுமையே அந்த ஐப்பசியில் அவர்களைக் காப்பாற்றியிருந்தது. இது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விளங்கியது என்பேன். விளங்கியதால்தான் அடுத்து நடந்தது நடந்தது.

"எந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சீரு?" என்றார் அம்பலகாரர்.

அவ்வளவுதான். பூச்சி போயிற்று, பேதி போயிற்று, செத்தவர்களும் போனார்கள். சேரிக் கிணற்றில் தண்ணீர் குடித்தவன் ஊர்க் குடிதண்ணீருக்குக் காவல் இருக்கலாமா என்பது ஒன்றே கூட்டத்தின் பேச்சாகிவிட்டது. வீட்டில் பிணத்தைக் கிடத்திவிட்டு வந்தவர்கள்கூட அதைத்தான் பேசினார்கள். அன்றைக்கே காவலிலிருந்து அவரை நிறுத்தினார்கள். அவர் உயிரோடு நின்றுகொண்டிருந்தார். அதை யாரும் பார்க்கவில்லை.

காட்டைக் கொளுத்துவது என்று முடிவாயிற்று. சாமி காட்டில் சுள்ளி எடுக்கக் கூடாதே என்று பூசாரி இழுத்தார். எடுக்கத்தானே கூடாது, கொளுத்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்றார் அம்பலகாரர். அதற்கும் ஊர் தலையாட்டியது.

ஈரச் சருகு முதலில் பற்றவில்லை. பனையோலையைப் பரப்பி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார்கள். புகை ஊரணிக்கு மேலே வந்து ஊரை மூடியது. அதில் அந்தக் கசப்பு வாதுமை வாடை அடித்தது. பூச்சிகள் புகைக்கு வெளியே கூட்டம் கூட்டமாக வந்தன. கண்ணில்லாத பூச்சிக்கு எந்தப் பக்கம் தீ என்று தெரியுமா? பாதி திரும்பி உள்ளேயே போனது. வெளியே வந்ததை விளக்குமாற்றால் கூட்டித் தீயில் தள்ளினார்கள். அவர் காட்டோரம் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அழுதாரா என்று தெரியவில்லை. புகையில் எல்லார் கண்ணும்தான் கலங்கியிருந்தது. அன்றும் ஊரில் ஒரு பிணம் விழுந்தது. அது கொளுத்துவதற்கு முன்னால் படுத்தது, கணக்கில் சேராது என்றார்கள்.

மறுநாள் காலையில் பூசாரி ஊரணிக் கரையில் சூடம் காட்டி மஞ்சள் நீர் தெளித்தார். தீங்கு போயிற்று, இனி எல்லாரும் பயமில்லாமல் குடிக்கலாம் என்று தண்டோரா போட்டார்கள். உவர் நீர் குடித்து நாக்கு வெந்திருந்த சனம் குடம், தவலை, அண்டா என்று வீட்டில் இருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தது. நானும் வந்தேன். பேதி நின்று கிடந்த என் கணவர் நல்ல தண்ணீர் கேட்டு அனத்திக்கொண்டிருந்தார். மகளும் அழுதாள். முதல் ஆளாகப் படியில் இறங்கினேன்.

"ஆத்தா."

காலு என்று சொல்லவில்லை. நிமிர்ந்தேன். அவர் படியில் வந்துகொண்டிருந்தார். காவல் போனவர் கரை ஏறியதே தப்பு. அதைவிட, அவர் காலில் செருப்பு இருந்தது. சாணியும் சாம்பலும் அப்பின தோல் செருப்பு. அதைத்தான் எல்லாரும் பார்த்தோம். என்னைத் தாண்டினார். கடைசிப் படியில் ஒரு கணம் நின்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார். ஆட்டுக்குட்டிக்காகக்கூட நனைக்காத கால்.

செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினார்.

முழங்கால், தொடை, இடுப்பு என்று உள்ளே போய், நெஞ்சளவுக்கு வந்ததும் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"கால் பட்டிருச்சு. செருப்புக் காலு. சேரித் தண்ணி குடிச்ச ஒடம்பு. இனி இத யாரும் வாயில வைக்கக் கூடாது. எறைச்சு ஊத்துங்க."

பெண்கள் குலவை மாதிரி ஓலமிட்டார்கள். மண்கட்டி பறந்தது. ஒன்று அவர் நெற்றியில் பட்டு ரத்தம் தண்ணீரில் சொட்டியது. அதுவும் பட்டுவிட்டது என்று அவர் சொன்னபோது, அவர் முகத்தில் ஒரு நிம்மதியைக் கண்டேன்.  ஒருத்தரும் குடத்தை முக்கவில்லை. பேதிக்குப் பயப்படாத ஊர் அந்தச் செருப்புக்குப் பயந்தது. இறைகூடைகள் வந்து, நாலு பக்கமும் ஆட்கள் நின்று இறைக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் கரையேறினார். அடி வாங்கினார். கையெடுத்துத் தடுக்கவில்லை.

ஊரணியை வற்ற இறைத்துச் சேற்றை வாரினார்கள். அதுவரை உவர்க் கிணறுதான். நானும் மகளை இடுப்பிலும் குடத்தைத் தலையிலுமாக நடந்தேன். கார்த்திகை மழையில் புதுத் தண்ணீர் வந்தது. இறைத்த சில நாளில் வாந்திபேதி நின்றுபோயிருந்தது. என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். பூச்சியைக் கொளுத்தியதால் ஊர் பிழைத்தது என்று அம்பலகாரருக்கு மாலை போட்டார்கள்.

இவரை ஊரைவிட்டு விலக்கினார்கள். யார் வீட்டிலும் நெருப்போ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. சேரிக்காரர்கள்தான் காட்டோரம் ஒரு குடிசை போட இடம் கொடுத்தார்கள். தங்கள் கிணற்றில் முகந்து ஊற்றினார்கள். ஊர்ப் பெண்கள் பிள்ளைகளுக்கு அவரைப் பூச்சாண்டியாகக் காட்டிச் சோறு ஊட்டினார்கள். ஊரணித் தண்ணீர் அதற்கப்புறம் பளிங்காக வரவே இல்லை. கரிந்த காட்டிலிருந்து செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு தடதடவென்று வரும், மாசிக்குள் வற்றிவிடும்.

அடுத்த வருஷம் ஆடு தேடிக்கொண்டு காட்டோரம் போனபோது அவரைப் பார்த்தேன். நெற்றியில் தழும்பு. ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முன்பு இருந்த மாதிரியே மெதுவாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு தப்பியிருக்கிறது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பேதி நின்றது உங்களால்தான் என்று எனக்குத் தெரியும், நான் கூட்டத்தில் வந்து சொல்கிறேன், என் மகள்மேல் ஆணையாகச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். உங்களுக்கு வருத்தமே இல்லையா மாமா என்று கேட்டேன்.

"எனக்கென்ன ஆத்தா. கொளுத்துனதுலதான் நின்னுச்சுன்னு நெனைக்கிறாக. நெனைச்சுக்கிறட்டும். ஆனா பேதி இன்னொருக்க வரும். அன்னைக்கும் மிச்சத்தக் கொளுத்திட்டு, குடத்தத் தூக்கிட்டு வந்து இதையேதான் குடிப்பாக. அப்ப யாரு கால வைக்கிறது?"

 அவர் கிளம்பினார். அவர் போக வேண்டிய பாதை ஊரணிக் கரையின் அடிவாரத்தை ஒட்டித்தான் போகிறது. கரை நெருங்கியதும் குனிந்து செருப்பைக் கழற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு அதைத் தாண்டிப் போனார்.